தேங்காய் எண்ணெய் ஜெனரலும் டைனிங் டேபிள் போரும்



ரொம்ப நாளா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. ஆணி அதிகம்னு வழக்கமா சொல்ற காரணம் பாதி உண்மை. மீதி உண்மை என்னன்னா, கடந்த நாலு மாசமா நான் ஹங்கேரியில் இருந்தேன். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எதுவும் இல்லாம, எங்க ரூம் டைனிங் டேபிள் மேலேயே.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. எனக்கு மினியேச்சர் வார்கேமிங்னு ஒரு கிறுக்கு உண்டு. குட்டிக் குட்டி சிப்பாய் பொம்மைகளுக்கு பெயிண்ட் அடிச்சு, மேஜை மேல தெர்மாகோல் மலை, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரில் காடு, நீல ரிப்பனில் ஆறு எல்லாம் செஞ்சு, ஸ்கேல் வச்சு படைகளை நகர்த்தி, பகடை உருட்டி, எப்பவோ நடந்த ஒரு போரை மறுபடி ஆடிப் பார்ப்பது. சின்னப் பசங்க சமாச்சாரம்னு சிரிக்காதீங்க. 1824இல் ரெய்ஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, அதிகாரிகளின் பயிற்சிக்காக விதிகளோடு வெளியிட்ட விளையாட்டுதான் இதுக்கெல்லாம் தாத்தா. கால இயந்திரம் பற்றி கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வச்சு ஆடுவதற்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். இதையெல்லாம் போனில் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "நவராத்திரிக்கு எடுத்துட்டு வாடா, கொலுவுல கடைசிப் படியில வச்சிடலாம்"னு சொல்லிட்டாங்க.

சரி, உலகத்துல இவ்வளவு சண்டை இருக்க ஏன் ஹங்கேரி?

நெப்போலியன் வேண்டாம்னு முதலிலேயே முடிவு பண்ணிட்டேன். எல்லாரும் நெப்போலியன்தான் ஆடறாங்க. அப்படித் தேடிட்டு இருந்தப்போ ஒரு வரி கண்ணில் பட்டது. 1848-49 ஹங்கேரிய எழுச்சியின் முக்கியமான தளபதி ஆர்த்தூர் கோர்கெய், போருக்கு முன்னால் ஒரு வேதியியல்காரர். 1845இல் ராணுவத்தை விட்டு விலகி, பிராக் நகரத்துக்குப் போய் வேதியியல் படிச்சு, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அது 1848இல் வெளியானது. எதைப் பற்றி தெரியுமா? தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள்!

தேங்காய் மரத்தையே பார்த்திருப்பாரோ மாட்டாரோ, அந்த மனுஷன் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நம்ம தலையில் தேய்க்கிற எண்ணெயைப் பிரிச்சுப் பார்த்திருக்கார். அதே வருஷம் கேப்டனா ராணுவத்தில் மறுபடி சேர்ந்து, நவம்பரில் ஜெனரல். வயசு 30. எனக்கு அந்த வயசு வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நான் இன்னும் சீனியர் என்ஜினியர்கூட ஆகலை. அவ்வளவுதான், விழுந்துட்டேன்.

வரலாறு தெரியாதவங்களுக்கு ரெண்டு பத்தியில் சொல்லிடறேன். 1848 மார்ச் 15 அன்று பெஷ்ட் நகரத்தில் இளைஞர்கள் கிளம்பினார்கள். பெத்தோஃபி ஷாண்டோர் என்ற இளம் கவிஞர் முன்னால். தணிக்கை அதிகாரியைக் கேட்காமலேயே அச்சகத்தில் தங்கள் 12 கோரிக்கைகளை அச்சடித்தார்கள். ஏப்ரலில் ஆஸ்திரியப் பேரரசரே புதிய சட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டார். பண்ணையடிமை முறை ஒழிந்தது, பாட்யானி பிரதமர், கொஷூத் லாயோஷ் நிதியமைச்சர். எல்லாம் சுபம்னு நினைக்கிறப்போ, செப்டம்பரில் குரோஷியத் தளபதி யெலாசிச் படையோடு எல்லை தாண்டினார். போர் ஆரம்பம்.

டிசம்பரில் பழைய பேரரசரை இறக்கிவிட்டு 18 வயசு பிரான்ஸ் ஜோசப்பை உட்கார வச்சாங்க. 1849 ஜனவரியில் தலைநகர் போச்சு, அரசாங்கம் தெப்ரெத்சென் நகரத்துக்கு ஓடியது. முடிஞ்சதுன்னு பார்த்தா, ஏப்ரலில் ஹங்கேரியர்கள் வரிசையா ஜெயிச்சாங்க. ஹாத்வன், இஷாசெக், வாட்ஸ், நாஜ்ஷல்லோ. மே 21 அன்று புடா கோட்டையும் கைக்கு வந்தது. அன்னிக்கே வார்சாவில் பிரான்ஸ் ஜோசப்பும் ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலாயும் சந்திச்சுப் பேசிட்டு இருந்தாங்க. விளைவு, சுமார் 2 லட்சம் ரஷ்யச் சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். ஆகஸ்ட் 13, விலாகோஷ் என்ற இடத்தில் கோர்கெய் ரஷ்யர்களிடம் சரணடைந்தார். கதை முடிந்தது.

ரெண்டு பத்தியில் சொல்லிட்டேன். ஆனா மேஜை மேல வைக்கணும்னா நாலு மாசம் ஆகும். எப்படின்னு கேளுங்க.

முதல் பிரச்சினை, பெயர்கள். பெம் என்ற போலந்துத் தளபதி டிரான்சில்வேனியாவில் ஹங்கேரிக்காகச் சண்டை போட்டார். ஒரு ஹங்கேரியப் புத்தகத்தில் 1849 ஜூலை 31 அன்று ஷெகெஷ்வாரில் சண்டை. ஒரு ஜெர்மன் புத்தகத்தில் அதே நாள் ஷேஸ்பர்க்கில். ஒரு ருமேனிய வரைபடத்தில் அதே நாள் சிகிஷோவாராவில். ஒரே நாளில் மூணு இடத்தில் சண்டை போட இவர் என்ன மாயாவியான்னு ரெண்டு நாள் மண்டை காய்ஞ்சேன். மூணும் ஒரே ஊர்! அந்தப் பக்கம் பாதி ஊர்களுக்கு ஹங்கேரிய மொழியில் ஒரு பேர், ஜெர்மனில் ஒரு பேர், இன்னிக்கு இருக்கிற நாட்டு மொழியில் ஒரு பேர். கடைசியில் எக்செல் ஷீட் போட்டு மூணு காலம் ஆக்கினேன். (பெத்தோஃபி அந்தச் சண்டையில்தான் காணாமல் போனார். வயசு 26. எது அவர் உடல்னு கடைசிவரை யாராலும் அடையாளம் காட்ட முடியலை.)

ரெண்டாவது, மொழி. ஹங்கேரியில் குடும்பப் பேர் முதலில், சொந்தப் பேர் பிறகு. இது நமக்குப் புதுசா என்ன, அப்பா பேரோட இனிஷியலை முன்னாடி போட்டுக்கிற கூட்டம்தானே நாம. எஸ் எழுத்து தனியா வந்தா 'ஷ்', இஸட்டோட சேர்ந்து வந்தா 'ஸ்'. இதுவும் போகப் போகப் பழகிடுச்சு. அகராதிதான் படுத்தி எடுத்தது. 'ஹாஸ்'னா வீடு. 'ஹாஸ்பன்'னா வீட்டில். 'ஹாஸ்போல்'னா வீட்டிலிருந்து. நம்ம வேற்றுமை உருபு மாதிரியே எல்லாம் பின்னாடி ஒட்டிக்கும். 'வீட்டிலிருந்து'ன்னு அகராதியில் தேடினா எப்படிக் கிடைக்கும்? வாலை வெட்டிட்டுத் தேடணும்னு புரிஞ்சதும் வேலை பாதியாச்சு. எட்டாம் வகுப்பில் உருபு மனப்பாடம் பண்ண வச்ச தமிழய்யாவை நினைச்சுக்கிட்டேன்.

மூணாவது, சட்டை. ஹங்கேரியப் புதுப் படைக்கு 'ஹொன்வேத்'னு பேர். தாயகக் காவலன்னு அர்த்தம். அவங்க போட்டது 'அட்டிலா' என்ற மேல்சட்டை. நம்ம ஊர் கல்யாண பேண்டு செட் ஆளுங்க போட்டிருப்பாங்களே, நெஞ்சுக்குக் குறுக்கே கயிறு கயிறா, ஏறக்குறைய அந்த ஜாதி. கயிறு சிவப்பு. சட்டை நிறம், காபி பிரவுன்.

என்ன காபி? டிகாஷனா, பால் விட்டதா, பால் நிறைய விட்டதா? மூணு ராத்திரி நாலு கலவை அடிச்சுப் பார்த்தேன். இத்தனைக்கும் என் பொம்மைகள் 6 மில்லிமீட்டர். ஓர் அரிசியை நிமிர்த்தி வச்ச உயரம். ஆபீஸ் நண்பர் வீட்டு முப்பரிமாண பிரிண்டரில் எடுத்தது. அதில் சிவப்புக் கயிறு ஒரு புள்ளி. நெல்லைக்கார ரூம்மேட் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு, "எல்லாம் கடுகு மாதிரிதாம்லே இருக்கு"ன்னான்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒண்ணு. போர் ஆரம்பிச்சப்போ பேரரசரின் பழைய ரெஜிமெண்டுகளில் சில இந்தப் பக்கம் வந்துட்டன, சில அந்தப் பக்கமே இருந்தன. ரெண்டு பக்கமும் அதே வெள்ளைக் கோட்டு! யார் எந்தக் கட்சின்னு துணியை வச்சுச் சொல்ல முடியாது. ஆளை வச்சும் சொல்ல முடியாது. ஹங்கேரியத் தளபதி தம்யானிச் பிறப்பால் செர்பியர். பொல்டன்பெர்க் வியன்னாவில் பிறந்தவர். பெம் போலந்துக்காரர். இந்தப் பக்கம் ஒரு போலிஷ் படை, ஓர் இத்தாலியப் படை, ஒரு ஜெர்மன் படை வேற. 'ஹங்கேரியர்கள் நீலம், ஆஸ்திரியர்கள் மஞ்சள்'னு நான் போட்ட முதல் வரைபடத்தைக் கிழிச்சுப் போட்டேன்.

ஒருவழியா இஷாசெக் சண்டையை மேஜையில் இறக்கினோம். 1849 ஏப்ரல் 6. திட்டம் அழகானது. ஹங்கேரியின் ஏழாவது படைப்பிரிவு நேர் சாலையில் நின்னு, மொத்தப் படையும் இங்கேதான் இருக்குன்னு ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸுக்குப் பூச்சாண்டி காட்டணும். மற்ற மூணு பிரிவும் தெற்கே சுத்திப் போய்ப் பக்கவாட்டில் அடிக்கணும். காட்டுக்குள் கிளாப்காவின் பிரிவு திணறிப் பின்வாங்குது, தம்யானிச் தாங்கிப் பிடிக்கிறார், ஔலிச்சின் பிரிவு வந்து சேருது. ஆனா ஏழாவது பிரிவுத் தளபதி காஷ்பார் மட்டும் நின்ன இடத்திலேயே நிக்கிறார். அவர் நகர்ந்திருந்தா எதிரிப் படை முழுசும் மாட்டியிருக்கும்னு இன்னிக்கும் பேசறாங்க.

இதை எப்படி விதியாக்குறது? 'ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்டு, 6 விழுந்தால்தான் காஷ்பார் கிளம்புவார்'னு எழுதினேன். ரூம்மேட் ஹங்கேரி. ஒன்பது சுற்று உருட்டினான். ஒருதடவைகூட 6 விழலை. பத்தாவது சுற்றில் விழுந்தப்போ மேஜையில் இருட்டிடுச்சு. "ஏம்லே, இவன் வரவே மாட்டானா"ன்னு அவன் கத்தினது கீழ்வீட்டு ஆன்ட்டிக்குக் கேட்டிருக்கும். இந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்காகத்தான் மக்கா இந்தக் கிறுக்கு எல்லாம்.

அடுத்து டிரான்சில்வேனியா போகலாம்னு இருந்தேன். பெம்மின் பனிக்காலப் போர். மலை, பனி, குறைஞ்ச ஆட்கள், ஆடறதுக்கு அருமையான களம். அவ்ராம் யாங்கு தலைமையில் ருமேனிய மலைவாசிகள் எதிர்த்தரப்பில். அவங்களுக்கு விதி எழுத உட்கார்ந்தேன். 'ஒழுங்கற்ற படை, மனஉறுதி குறைவு'ன்னு வழக்கமான வரியைப் போட்டுட்டு, இவங்க ஏன் சண்டை போட்டாங்கன்னு தேடினேன்.

அங்கேதான் நின்னுட்டேன். 'சுதந்திரம்' கேட்ட ஹங்கேரியர்கள் டிரான்சில்வேனியாவைத் தங்களோட சேர்த்துக்கிட்டப்போ, அங்கே பெரும்பான்மையா இருந்த ருமேனியர்களைத் தனி இனமா மதிக்கலை. 1849 ஜனவரியில் நாஜெனெத் ஊரில் (இன்னிக்கு ஆயூத்) ருமேனியப் படை நூற்றுக்கணக்கான ஹங்கேரிய ஊர்க்காரர்களைக் கொன்றது. கல்லூரி நூலகம் எரிந்தது. இந்தப் பக்கம் ஹங்கேரியர்கள் அவசர நீதிமன்றம் வச்சு ருமேனியர்களைத் தூக்கில் போட்டாங்க. ஸ்டெபான் லுட்விக் ரோத் என்ற ஜெர்மன் பாதிரியார், பள்ளிக்கூட ஆசிரியர், மே மாதம் கொலொஷ்வாரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்ற இனங்களின் மொழி உரிமைக்கான சட்டத்தை ஹங்கேரிய நாடாளுமன்றம் நிறைவேற்றினது ஜூலை 28 அன்று. சரணடைய 16 நாள் இருக்கையில். அதே நாளில்தான் யூதர்களுக்குச் சம உரிமையும்.

ருமேனியப் பொம்மைகள் நாற்பது, இன்னும் பெயிண்ட் அடிக்காம ஒரு ஸ்வீட் டப்பாவில் இருக்கு. போர்க்களத்தை ஆடலாம். ஊரைக் கொளுத்தறதுக்கு என்ன பகடை உருட்டறது?

இதைவிட என்னை ஆட்டிப் பார்த்தது கோர்கெய்தான்.

எங்க விளையாட்டில் ஒவ்வொரு தளபதிக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் தலைமைத் திறனுக்கு 1 முதல் 10 வரை ஓர் எண், கீழே ஒரு சிறப்புக் குணம். தம்யானிச் 8, 'பின்வாங்க மாட்டார்'. பெம் 8, 'தோற்றாலும் மறுநாள் வருவார்'. இப்படி. கோர்கெய்க்கு ஆரம்பத்தில் நான் போட்டது 9. சிறப்புக் குணம்: 'கடைசி ஆட்டத்தில் துரோகி'. ஏன்னா நான் முதலில் படிச்சதெல்லாம் கொஷூத் பக்கக் கதை.

அந்தக் கதை எங்கேயிருந்து வந்ததுன்னு பிறகுதான் தெரிஞ்சது. 1849 ஆகஸ்ட் 9 அன்று தெமெஷ்வாரில் ஹங்கேரியின் தெற்குப் படை சிதறிப்போச்சு. அந்தப் படை ஆராத் நகரத்துக்கு வந்து கோர்கெய்யோட சேர வேண்டியது. தெம்பின்ஸ்கி அதைத் தெமெஷ்வாருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். கோர்கெய் ஜூலை 2 அன்று தலையில் பட்ட வெட்டுக்காயத்தோட, ரஷ்யர்கள் கையில் சிக்காம, வடக்கு மலை வழியா 400 கிலோமீட்டருக்கு மேல் சுத்தி ஆராத் வந்து பார்த்தா, சேர்வதற்குப் படையே இல்லை. ஆகஸ்ட் 11 அன்று கொஷூத் பதவி விலகி, முழு அதிகாரத்தையும் கோர்கெய் கையில் கொடுத்துட்டு, துருக்கியப் பேரரசு நோக்கிக் கிளம்பிட்டார். ரெண்டு நாள் கழிச்சு கோர்கெய் சுமார் 30,000 பேரோட ஆயுதத்தைக் கீழே வச்சார். செப்டம்பர் 12 அன்று விதின் ஊரில் பத்திரமா உட்கார்ந்துக்கிட்டு கொஷூத் ஒரு கடிதம் எழுதினார். ஹங்கேரி தோற்கலை, கோர்கெய் காட்டிக் கொடுத்தார்னு. அந்தக் கடிதம் ஊர் ஊராப் பரவியது.

அப்புறம் நடந்தது அந்தக் கடிதத்தை எல்லாரும் நம்பற மாதிரி ஆக்கிடுச்சு. அக்டோபர் 6 அன்று ஆராத்தில் 13 தளபதிகளை ஆஸ்திரியத் தளபதி ஹைனாவ் கொன்றார். நாலு பேர் துப்பாக்கியில், ஒன்பது பேர் தூக்கில். கால் உடைஞ்சிருந்த தம்யானிச்சை வண்டியில் கொண்டுவந்தாங்க. பொல்டன்பெர்க்கும் அதில் உண்டு. அதே நாள் பெஷ்ட் நகரத்தில் முன்னாள் பிரதமர் பாட்யானியைச் சுட்டாங்க. அந்த 13 பேரில் பலர் கோர்கெய்யோட சேர்ந்தே ஆயுதத்தைக் கீழே வச்சவங்க. கோர்கெய்க்கு மட்டும் ரஷ்யர்கள் பரிந்து பேசி மன்னிப்பு. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் என்ற ஊரில் 1867 வரை காவல் வாழ்க்கை.

எல்லாரும் செத்தாங்க, இவர் மட்டும் பிழைச்சார். நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? நானும் அதைத்தான் நினைச்சேன்.

கடைசி ஆட்டம் ஒரு கற்பனைக் களம். கோர்கெய் சரணடையாம சண்டை போட்டிருந்தா? என் மேஜையில் ஓர் அட்டைத்துண்டு 500 பேர். 30,000 பேருக்கு 60 அட்டை. ரூம்மேட்தான் ஹங்கேரி. சுத்தி வர நான், ரஷ்யனும் ஆஸ்திரியனுமா. நாலு மணி நேரம் ஆடினோம். பய புலி மாதிரி ஆடினான். முடிவில் விதிப்படி கணக்குப் பார்த்தா, அவன் வீழ்த்தினது 52, இழந்தது 47. "ஜெயிச்சாச்சுலே! அந்த ஆளு சண்டை போட்டிருக்கணும். துரோகிதான்"னு எழுந்து காபி போடப் போயிட்டான்.

நான் மேஜையைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சேன். அவன் இழந்த அட்டைகளை டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு வச்சிருந்தோம். எடுத்து எண்ணினேன். 47 அட்டை. 47 பெருக்கல் 500. 23,500. எல்லாரும் செத்ததா அர்த்தம் இல்லை, காயம், ஓட்டம் எல்லாம் சேர்த்துத்தான். இருந்தாலும் 23,500. அதுக்கப்புறமும் மேஜை ஓரத்தில் நான் இறக்காத ரஷ்யப் படை வரிசையா நின்னுட்டு இருந்தது. எங்க விதியில் எதிரியை வீழ்த்தினா புள்ளி உண்டு, குன்றைப் பிடிச்சா புள்ளி உண்டு. தன் ஆளை வீட்டுக்கு அனுப்பினா ஒரு புள்ளியும் கிடையாது. அந்த விதியை எழுதினது நான்தான்.

இங்கே ஒரு சொந்தக் கதையைச் சொல்லியாகணும். ஒரு பிராஜெக்ட்டையும் ஒரு நாட்டோட போரையும் முடிச்சுப் போடறது ஓவர்தான், தெரியும். ஆனா சொல்லாம விட்டா இந்தப் பதிவு பொய்.

ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க பதினோரு பேர் ஒரு பிராஜெக்ட்டில் இருந்தோம். ஆறு மாசமா சனி, ஞாயிறு கிடையாது. ஒரு பையன் ஆபீஸிலேயே மயங்கி விழுந்தான். ஒருநாள் எங்க லீடு மேலிடத்துக்குப் போய், "இது முடியாது, நிறுத்திடுங்க"ன்னு சொல்லிட்டார். நிறுத்திட்டாங்க. நாங்க எல்லாரும் பெஞ்சுக்குப் போனோம், மூணு பேருக்கு வேலை போச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகலை, வேற டீமுக்கு மாத்தினாங்க. நாங்க டீக்கடையில் நின்னு அவருக்கு வச்ச பேர், துரோகி. பிறகு அவர் கம்பெனியை விட்டுப் போனப்போ கேக் வெட்டினாங்க. நான் போகலை. என் சீட்டிலிருந்து நாலு சீட் தள்ளித்தான் வெட்டினாங்க.

ஒருவேளை இன்னும் ரெண்டு மாசம் இழுத்திருந்தா முடிச்சிருப்போமோ? இருக்கலாம். அந்த மூணு பேர் வேலை போகாம இருந்திருக்குமோ? அதுவும் இருக்கலாம். டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வச்சுக்கிட்டு நின்னப்போ நினைவுக்கு வந்தது அந்த மயங்கி விழுந்த பையன் முகம்தான்.

அன்னிக்கு ராத்திரி கோர்கெய் தானே 1852இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தன்னை நியாயப்படுத்தத்தான் எழுதியிருக்கார், அதையும் அப்படியே நம்பிட முடியாது. இவர் ஒண்ணும் உத்தமர் இல்லை. கொஷூத்தோட ஆரம்பத்திலிருந்தே முட்டல். 1849 ஜனவரியிலேயே வாட்ஸ் நகரத்தில், அரசாங்கத்தை மதிக்காத தொனியில் ஓர் அறிக்கை விட்டவர். நாக்கு நீளம். ரஷ்யர்களிடம் சரணடைந்தா தன் அதிகாரிகளுக்குக் கருணை கிடைக்கும்னு நம்பினார். அந்த நம்பிக்கை தப்பு, 13 பேர் அதுக்கு விலை கொடுத்தாங்க. ஆயுதத்தைக் கீழே வச்ச சிப்பாய்களில் பலரைப் பிடிச்சு ஆஸ்திரியப் படையிலேயே சேர்த்துட்டாங்க. 'சரணடைஞ்சு எல்லாரையும் காப்பாத்தினார்'னு நான் இன்னொரு அட்டை எழுதினா அதுவும் பொய்தான்.

ஆனா அவர் கையில் அன்னிக்கு இருந்தது என்ன? சேர வேண்டிய படை இல்லை. அரசாங்கத் தலைவர் கிளம்பிட்டார். முன்னால் ஒரு பேரரசு, பின்னால் ஒரு பேரரசு. யாராவது ஒருத்தர் 'போதும்'னு சொல்லியாகணும். சொல்றவனுக்கு என்ன பேர் கிடைக்கும்னு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

1867இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் சமரசம் ஆனதும் கோர்கெய் நாடு திரும்பினார். 1884இல் பழைய ஹொன்வேத் வீரர்கள் இருநூறு பேருக்கு மேல் சேர்ந்து, இவர் துரோகி இல்லைன்னு கையெழுத்துப் போட்டாங்க. கூட நின்னு சண்டை போட்டவங்க, விலாகோஷில் துப்பாக்கியைக் கீழே வச்சவங்க. பொதுஜனம் கேட்கலை. கொஷூத் 1894இல் இத்தாலியில் நாடு திரும்பாமலேயே இறந்து தெய்வமாயிட்டார். கோர்கெய் உயிரோட இருந்தார். இருந்துக்கிட்டே இருந்தார். 1916இல் இறந்தப்போ வயசு 98. தேதி மே 21. 67 வருஷம் முன்னாடி அவர் புடா கோட்டையைப் பிடிச்ச அதே நாள். 'துரோகி'ங்கிற பேரைச் சுமந்துக்கிட்டு 67 வருஷம் உயிரோட இருக்கிறதுக்கு எத்தனை புள்ளி கொடுக்கிறது?

மறுநாள் அட்டையை எடுத்து, 'துரோகி'யை அடிச்சேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியலை. 'தேங்காய் எண்ணெய் ஆராய்ச்சியாளர்'னு மட்டும் எழுதினேன். அது ஒண்ணுதான் யாரும் மறுக்காத உண்மை. ரூம்மேட் பார்த்துட்டு, "இதுக்கு எத்தனை பிளஸ்லே?"ன்னான். ஒண்ணும் இல்லைன்னேன்.

விதியிலும் ஒரு வரி சேர்த்திருக்கேன். எந்தச் சுற்றிலும் ஹங்கேரி ஆட்டக்காரர் நிறுத்தலாம். நிறுத்தினா, மேஜையில் மிச்சம் இருக்கிற ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு புள்ளி. ஆனா 13 அட்டையை அவர் கையாலேயே எடுத்து எதிராளியிடம் கொடுக்கணும். இந்த விதியோட மறுபடி ஆடினோம். மூணாவது சுற்றில் ரூம்மேட் பகடையைக் கையில் வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் மேஜையையே பார்த்துட்டு இருந்தான். நிறுத்தலை. ஆனா யோசிச்சான். அவன் அப்படி யோசிச்சு நான் பார்த்ததே இல்லை.

அப்புறம், பழைய லீடுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். மன்னிப்பு அது இதுன்னு நாலு தடவை எழுதி அழிச்சுட்டு, கடைசியில், "அண்ணா, எப்படி இருக்கீங்க? அன்னிக்கு கேக் வெட்டினப்போ நான் வரலை. வந்திருக்கணும்"னு மட்டும். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது. "நல்லா இருக்கேன்பா. அந்தப் பையன் உடம்பு இப்போ எப்படி இருக்கு?"

அந்தப் பையன் நல்லா இருக்கான். போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. அதையே பதிலா அனுப்பினேன்.

சரி மக்கா, பதிவு நீண்டுடுச்சு. வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி இஷாசெக். இந்த தடவை நான் ஹங்கேரி. காஷ்பாருக்கு 6 விழ வைக்கிற ராசியான கை யாருக்காவது இருந்தா சொல்லுங்க, காபி என் செலவு. பால் விட்டதா டிகாஷனான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.